அப்பா தனக்குப் போட்டுக்கொண்ட மார்க்

கண்ணாடி முன் நின்று ஒன்றிரண்டு நரைமுடியைப் பிடுங்கிப் போடும் வயதுக்கு வந்துவிட்ட என் செட்டு ஆட்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டால் உங்களுக்கு வயிற்றைப் பிசையுமா? எனக்குப் பிசையும். கெட்ட வார்த்தை இல்லை, நல்ல வார்த்தைதான். மாடஸ்ட். அடக்கமானவர், தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாதவர் என்று பொருள். மீட்டிங்கில் யாராவது, ‘இவர் ரொம்ப மாடஸ்ட்’ என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

எல்லாம் நான் ஏழாம் வகுப்பு படித்த மழைக்காலத்தில் ஆரம்பித்தது. நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரே ஹால், ஒரு சமையலறை. ஹால் ஜன்னலைத் திறந்தால் வேளச்சேரி ரோட்டின் ஹாரன் சத்தம் முழுக்க வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடினால் ஈரத்துணி நாற்றம். அம்மா ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப் போட்டிருப்பாள். அப்பாவின் நீலச் சட்டை அதில் கடைசியில் தொங்கும். எத்தனை முறை துவைத்தாலும் அதில் மெஷின் ஆயில் வாடை போகாது. பரீட்சைக்குப் போகும் நாளில் அந்தச் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுப் போவேன். யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்பா மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்தார். மெஷினிலிருந்து வரும் இரும்புப் பின்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் சிவப்புத் தட்டுதான். பல வருடமாக அதே வேலை, ஆனால் காண்ட்ராக்ட். ஒவ்வொரு தடவை காண்ட்ராக்ட் முடியும்போதும் வீட்டில் சத்தம் குறைந்துவிடும். டிவியைக்கூட மெதுவாகத்தான் வைப்போம்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாரம் ஒரு வார்த்தை. சாக்பீஸ் டப்பாவில் சீட்டு போட்டு வைத்திருப்பார். யாருக்கு எது வருகிறதோ அதற்கு அர்த்தம் எழுத வேண்டும். அர்த்தம் மட்டும் எழுதினால் பாதி மார்க். எந்த மொழியில் பிறந்து எந்த வழியாக இங்கிலீஷுக்கு வந்தது என்று வேரையும் தேடி எழுதினால்தான் முழு மார்க். எனக்கு அந்த நோட்டு என்றால் உயிர். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பிளாட்பாரக் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த டிக்‌ஷனரி ஒன்று இருந்தது. அட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் கிடையாது. பக்கங்கள் மழையில் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்கும். எந்தப் பழைய பேப்பர் மூட்டையோடு போனதோ, இன்றும் கனவில் புரட்டுகிறேன்.

பக்கத்து பெஞ்சுக்காரிக்கு ‘வால்கேனோ’ வந்தது. எரிமலை! எனக்கு வந்த சீட்டில் ‘மாடஸ்ட்’. உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அடக்கம் என்றால் கையைக் கட்டி, தலையைக் குனிந்து நிற்பது, இதற்கு என்ன வேர் இருக்கப்போகிறது என்று அலுத்துக்கொண்டேதான் புரட்டினேன்.

இருந்தது. லத்தீனில் மோடஸ் என்றால் அளவு. அதிலிருந்து, அளவு மீறாதவன் என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்தது. அது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. மாடல், மாடர்ன், மாடரேட் எல்லாமே அதே குடும்பத்துப் பிள்ளைகள். எனக்குக் கை பரபரத்தது. அந்த வார்த்தையின் அடியில் குனிவே இல்லை. ஓர் அளவுகோல்தான் இருந்தது! எட்டு இருந்தால் எட்டு என்று சொல்பவன்தான் மாடஸ்ட். பத்து என்று பீற்றிக்கொள்ளவும் மாட்டான், ஆறு என்று பம்மவும் மாட்டான்.

அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அதே வார சனிக்கிழமை அப்பா ஒரு ஃபார்ம் கொண்டுவந்தார். கம்பெனியில் புதிதாக வந்த நிர்வாகம் கொடுத்தது. முழுக்க இங்கிலீஷ். உன் வேலை எப்படி, நேரம் தவறாமல் வருகிறாயா, கூட வேலை செய்பவர்களோடு எப்படி என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே, உங்களைப் பற்றி ஐந்து வரிகள். இதை வைத்துத்தான் யார் பெர்மனன்ட், யார் வெளியே என்று லிஸ்ட் ஒட்டுவார்களாம்.

“பரீட்சை எழுதறவனே மார்க்கும் போட்டுக்கணுமா? நல்லா கீதே கதை” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்பு வாசனை இன்னும் ஹாலில் நின்றது. விமானப்படை விமானம் ஒன்று தாழப் பறந்து ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பென்சிலால் மார்க் போட்டார். பிறகு நான் அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும் என்று ஏற்பாடு, என் கையெழுத்து அழகு என்பதால். எட்டிப் பார்த்தேன். மூன்று, மூன்று, மூன்று. நேரம் தவறாமைக்கு மட்டும் நான்கு. இங்கிலீஷ் பேசுவதற்கு ஒன்று.

அப்போது மாமா வந்தார். சொந்த மாமா இல்லை. அடுத்த தெருவில் இருந்த பாய் வீட்டுக்காரர், அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்.

மாமா ஃபார்மைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “மச்சான், இன்னா பண்ணி வெச்சிகிற? ஒன்னிய நீயே ஃபெயில் ஆக்கிக்கினியா?”

“மூணுன்னா பாஸ்தான்டா.”

“டேய், இது பேரம்டா! மார்க்கெட்டுல அவன் நூறுன்னுவான், நாம அம்பதுன்னுவோம். அதே கததான். நாம எத்தினி போட்டாலும் மேனேஜர் ரெண்டு கொறைப்பான். கொறைக்கலைன்னா அவன் இன்னாத்துக்கு மேனேஜர்? நான் பத்துக்கும் அஞ்சு போட்டுகிறேன். இங்கிலீஷுக்கும் அஞ்சு.”

“உனக்கு இங்கிலீஷ் எங்கடா தெரியும்?”

“அவனுக்குத் தமிழ் தெரியாது இல்ல? அப்புறம் எப்படிக் கண்டுபுடிப்பான்?”

அம்மா சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அண்ணா சொல்றதக் கேளுங்க. இதுல போனா அப்புறம் எங்க போய் நிப்போம்?” என்றாள்.

“அஞ்சுன்னா குறையே இல்லைன்னு அர்த்தம். என் கையில குறையே இல்லையா? போன மாசம் ஒரு தட்டு மாத்திப் போட்டேன். நானே போய்ச் சொன்னேன்” என்றார் அப்பா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. என்னிடமிருந்து ரப்பரை வாங்கினார். முதல் மூன்றின் மேல் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கத்தான் போகிறார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

“அப்பா, அழிக்காதீங்க! நீங்க மாடஸ்ட்!”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நோட்டை எடுத்து வந்து லத்தீன், பிரெஞ்சு, அளவு, எட்டு, பத்து, ஆறு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்ல? அத்தனை வருடம் அவர் செய்த வேலைக்கு எங்கோ ஒரு பழைய மொழியில் ஏற்கெனவே பேர் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது.

“அளவா? நெஜமாவா? அந்த வார்த்தைக்கு அடியில அளவுதான் கீதா?”

“ஆமாப்பா. டிக்‌ஷனரியில போட்டிருக்கு.”

அப்பா ரப்பரைக் கீழே வைத்தார்.

“அப்பாவும் பொண்ணும் அளந்துகினே இருங்க” என்றாள் அம்மா. “வூட்ல அளக்க அரிசி இருக்காது.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் மூன்றுகளின் மேல் பேனாவை ஓட்டினேன். கீழே ஐந்து வரிகளையும் நானே எழுதினேன், இங்கிலீஷில், சாய்வெழுத்தில். நான் ஒரு மாடஸ்ட் மனிதன். அந்தச் சொல் அளவு என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. என் வேலையும் அளப்பதே. நான் கூட்டிச் சொல்வதில்லை. குறைத்தும் சொல்வதில்லை. அப்பா அதைப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை அப்பா ஃபார்மை சட்டைக்குள் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் முழு மார்க் வாங்கினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “மிஸ், இதை எங்கப்பா ஆபீஸ் ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டேன். நான் ஒரு மாடஸ்ட் மனிதன்னு” என்றேன்.

டீச்சரின் பேனா நின்றது. “அவரே சொல்ற மாதிரியா எழுதினே?”

“ஆமா மிஸ்.”

“அய்யோ, கண்ணு. அது அடுத்தவங்க நம்மளப் பத்திச் சொல்ல வேண்டிய வார்த்தை. நாமளே எழுதினா யாரு நம்புவாங்க?” பிறகு என் முகத்தைப் பார்த்து, “பரவால்ல, பரவால்ல” என்று இரண்டு முறை சொன்னார். பெரியவர்கள் இரண்டு முறை பரவாயில்லை என்றால் பரவாயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து பெஞ்சுக்காரி விடவில்லை. “ஏய், உங்கப்பா கழுத்துல மாடஸ்ட்னு போர்டு மாட்டிக்கினு போவாரா?”

அன்று மாலை பஸ் வரும் வரை ஜங்ஷனில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மஞ்சள் விளக்கும் கம்பெனி பஸ் என்று நினைத்து ரோட்டோரம் வரை ஓடினேன். அப்பா இறங்கியதும் கேட்டேன், “ஃபார்மைக் குடுத்துட்டீங்களா?”

“குடுத்தாச்சு, குடுத்தாச்சு.” என்னைப் பார்க்காமல் குடையை விரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நாட்களாகவே ஞாபகம் இல்லை. வயிற்றுவலியாகத்தான் ஞாபகம். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்தது. அம்மா வேப்பெண்ணெய் தடவினாள். அந்தக் கசப்போடும் கடித்தேன். மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார் என்று மாமா வந்து சொன்னார். “என் அஞ்சையெல்லாம் மூணாக்கிட்டான். நல்லாருக்கட்டும். நான் சொன்ன மாதிரி ரெண்டுதான் கொறச்சான்.”

“எங்கப்பாவுக்கு, மாமா?”

“உங்கப்பன் போனான், வந்தான். ரெண்டு நிமிஷம்கூட ஆவல. கேட்டா வாயத் தெறக்க மாட்டேன்றான்.”

மாமாவைப் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு போனேன். அப்பாவைப் பற்றி மேனேஜரிடம் நீங்கள் சொல்லுங்கள், அடுத்தவர்கள் சொன்னால்தான் செல்லுமாம், டீச்சர் சொன்னார் என்று கெஞ்சினேன். மாமா என் உயரத்துக்குக் குனிந்தார். “நான் எனக்கே அஞ்சு போட்டுகினவன்மா. நான் போய் உங்கப்பன் தங்கம்னா, இவனுக்கு எல்லாமே அஞ்சுதான்னு நெனப்பான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

லிஸ்ட் ஒட்டிய அன்று எங்களுக்கு மழை விடுமுறை. நண்பகலில் மாடிப்படியில் அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டது. கம்பெனி பஸ் அந்த நேரத்துக்கு வராது. மின்சார ரயிலில் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஷூவும் டிபன் பாக்ஸும். மாமாவின் பேர் இருந்தது. அப்பாவின் பேர் இல்லை.

அம்மா அழவில்லை. “மூணு போட்டா முழுசா தருவானா?” என்று மட்டும் கேட்டாள். அப்பா துணிப்பையைச் சுவரோரம் வைத்தார். என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிந்தது. உன்னால்தான்.

பிறகு அப்பா சேலையூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடம் மாறினேன். புதுப் பள்ளியில் வார்த்தை நோட்டு கிடையாது, நல்லதாகப் போயிற்று. அப்பா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. யாராவது வந்தால் அம்மா சொல்வாள், “இவரு மூணு போட்டுகினு வந்த கததான் உங்களுக்குத் தெரியுமே.” வந்தவர்கள் அப்பாவைக் கொஞ்சம் பரிதாபமாகவும் கொஞ்சம் மரியாதையாகவும் பார்ப்பார்கள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அடக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் ஆபீஸிலும் வருடா வருடம் அதே ஃபார்ம் வருகிறது, கம்ப்யூட்டரில். நான் எல்லாவற்றுக்கும் ஐந்துதான். மாமா கற்றுக்கொடுத்த பாடம். போட்டு முடித்ததும் ஒவ்வொரு முறையும் உடனே திரையை மூடிவிடுவேன். இந்த வருடம் வீட்டில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஐந்து, ஐந்து, ஐந்து.

எனக்கு வெட்கமாகிவிட்டது. “நான் உங்கள மாதிரி இல்லப்பா” என்றேன்.

“என்ன மாதிரிதான்” என்றார் அப்பா.

புரியாமல் திரும்பினேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபார்மோடு பஸ் ஏறிய அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னார். வீடு, அம்மா, நான் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்ததாம். கம்பெனிக்குப் போனதும் அந்த ஃபார்மில் டீ கொட்டிவிட்டது என்று பொய் சொல்லி வேறு ஒன்று வாங்கியிருக்கிறார். மாமாவுக்குக்கூடத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து, பத்துக் கேள்விக்கும் ஐந்து போட்டிருக்கிறார்.

“கீழ அந்த அஞ்சு வரி?” என்றேன்.

“அத எப்படிமா வுடறது? நீ எழுதினது. ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்து எழுதினேன். அர்த்தம்தான் நீ சொல்லிட்டியே.” கையைப் பிசைந்தார். “மேனேஜர் மேல பாத்தாரு. பத்தும் அஞ்சு. கீழ பாத்தாரு. நான் அளவானவன், கூட்டிச் சொல்ல மாட்டேன். சிரிச்சிட்டாரு. பக்கத்துல இருந்தவங்களுக்கு சத்தமா படிச்சிக் காட்டினாரு. அவங்களும் சிரிச்சாங்க. என்னிய எதுவுமே கேக்கல. போலாம்னுட்டாரு.”

“அப்பா...”

“அவரு சிரிச்சதுல தப்பில்ல. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க. மூணாவே குடுத்திருந்தா கெடச்சிருக்குமா, தெரியல. கெடைக்காமலும் போயிருக்கும். ஆனா வூட்டுக்கு வந்ததும் நீ என்னியப் பாத்துகினு நின்ன பாரு, அப்ப சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல.”

அத்தனை வருடம் நான் என்மேல் விழுந்ததாக நினைத்த பார்வை அது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

அதற்குள் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “இன்னாடி, ஆபீஸ் ஃபார்மா? அந்த மனுசனைக் கேட்டுகினு மூணு போட்டுடாத. பொழைக்கத் தெரியாத ஆளு.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

“ஆமா, மூணுதான் போட்டேன். அதுக்கு இன்னா இப்ப?” என்றார், உள்ளே கேட்கும்படி. பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“திட்டட்டும்மா. மூணு போட்டேன்னு திட்டினா மட்டும் கேட்டுகினே இருக்கலாம் போல கீது.”